தலையணைக்குக் கீழே ஒரு தேசிக்காய்

போன கிழமை துஷ்யந்தி எனக்குப் போன் எடுத்தாள். நான் விட்டுவந்த வேலையை இப்போது செய்கிற பிள்ளை. லண்டனில் இருக்கும் எங்கள் சனத்தைக் கூட்டிக்கொண்டு ஆபிரிக்காவுக்குப் போய், யானையும் சிங்கமும் காட்டி, கூட்டிப்போன தலை ஒன்றும் குறையாமல் ஹீத்ரோவில் கொண்டுவந்து இறக்குகிற வேலை. அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள். கதைப்பது முழுக்க ஆங்கிலம். என்னைக் கூப்பிடுகிற 'அண்ணை' மட்டும் தமிழ். அவளுடைய தகப்பனைவிட எனக்கு வயது கூட, ஆனால் அந்த ஒபீசில் சிறிசு பெரிசு எல்லாருக்கும் நான் குணம் அண்ணைதான்.

அவள் கேட்டது இதுதான். பயணம் போகிறவர்களுக்கு நான் ஒரு காலத்தில் எழுதிக்கொடுத்த அறிவுறுத்தல் தாளில், தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, கொண்டுவர வேண்டாம், கோயிலில் தந்த தேசிக்காயும் வேண்டாம் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. இந்த வருடம் அதை எடுத்துவிட்டார்களாம். சாமி காரியத்தில் கம்பெனி எதற்குக் கைவைக்கிறது என்று சில வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்களாம். சரி, எடுத்தது எடுத்ததுதான், ஆனால் முதலில் அந்த வரியை ஏன் போட்டீர்கள், ஒபீசில் ஒருவருக்கும் தெரியவில்லையே, அண்ணை என்றாள்.

ஒருவருக்கும் தெரியாது என்பது சரியில்லை. உள் அறையில் இருப்பவருக்குத் தெரியும்.

இந்த ஆண்டு மலருக்கு ஓய்வுபெற்றவர்களின் அனுபவம் ஒன்று வேண்டும், வாசிக்கிறவர்கள் சிரிக்கும்படி இருக்கட்டும் என்று மலர்க்குழுப் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். சிரிப்புக் கட்டுரை ஒன்று பாதி எழுதியும் வைத்திருந்தேன். அதை மடித்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வாசிக்கிற உங்களில் சிலர் இந்தக் கோடை விடுமுறைக்கு அங்கே போக ஆயத்தமாகிறீர்கள் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், எனக்கு இன்னும் நெஞ்சு ஆறவில்லை.

லண்டனுக்கு வந்த புதிதில் நானும் எல்லாரையும் போலத்தான். பெற்றோல் ஸ்டேஷனில் நின்றேன், பார்சல் பிரித்தேன், கடைசியில் ஸ்ட்ரெதத்தில் ஒரு பலசரக்குக் கடையில் நிலைத்தேன். எனக்குக் கதைதான் கைமுதல். கடைக்கு மல்லித்தூள் வாங்க வந்தவர் தன் மாமியாரின் கதை முழுவதும் சொல்லிவிட்டு மல்லித்தூளை மறந்து போவார். ஒருநாள் அப்படி ஒருவரோடு நான் கதைத்துக்கொண்டிருக்க, பின்னால் வரிசையில் நின்ற மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். தன் முறை வந்ததும் சாமானை வைத்துவிட்டு, தனக்குக் கிங்ஸ்பரியில் ஒரு பயண முகவர் ஒபீஸ் இருக்கிறது, இப்படி வாய் உள்ள ஆள் ஒன்று தேவை என்றார். அப்படித்தான் தேவன் அண்ணை எனக்கு முதலாளி ஆனார். விலங்குகளைப் பற்றி நான் படித்ததெல்லாம் லூயிஷாம் நூலகத்தில் இரவல் வாங்கிய சிறுவர் புத்தகங்களில்தான். படம் பெரிதாக இருக்கும், எழுத்து குறைவாக இருக்கும். மிச்சத்தை எலியாஸ் சொல்லித் தந்தார். அவரிடம் வருகிறேன்.

முதலில் முதலாளி. தேவன் அண்ணை ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். சேர்ட்டில் ஒரு சுருக்கம் இராது. மேசையில் பென்சில்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடக்கும். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஏலாது என்ற சொல்லும் அவர் வாயில் வராது; "பாப்பம்" என்பார். லீவு கேட்டால் பாப்பம், சம்பளம் கூட்டிக் கேட்டால் பாப்பம். சாதாரண நாளில் தேத்தண்ணி வேண்டுமென்றால் நாங்களே போய்ப் போட்டுக் குடிக்க வேண்டும். ஆனால் யாரையாவது வேலையால் நிறுத்தப் போகிறார் என்றால், உள்ளே கூப்பிட்டு, தன் கையால் கேத்தலைத் தூக்கித் தேத்தண்ணி ஊற்றித் தருவார். சீனி எத்தனை என்றும் கேட்பார். அக்கவுண்ட்ஸில் இருந்த பெடியன் ஒருவன் சொல்லுவான், "அண்ணை, உள்ளுக்குக் கேத்தல் கொதிக்குது, ஆரின்ர தலையோ தெரியாது" என்று. அடுத்த மாதம் அவனுடைய தலை.

நாங்கள் ஆட்களைக் கூட்டிப்போன இடம் தென்னாபிரிக்காவில் ஒரு தனியார் காடு. அரசாங்கப் பூங்கா என்றால் தார் ரோட்டில் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு கண்ணாடிக்குள் இருந்து பார்க்கலாம். இங்கே அவர்களுடைய திறந்த ஜீப்பில்தான் போகவேண்டும். கூரை இல்லை, கதவு இல்லை. தங்குவதற்குக் கன்வஸ் துணியில் பெரிய கூடாரங்கள், உள்ளே கட்டிலும் குளியலறையும். கூடாரங்களைச் சுற்றி வேலி கிடையாது. வேலி போட்டால் பார்க்க வந்தவர்கள் கூட்டுக்குள், விலங்குகள் வெளியே என்று ஆகிவிடும் என்பார் எலியாஸ்.

எலியாஸ் அங்கே வழிகாட்டி. ஜீப்பை ஓட்டுவதும் அவர், தடம் பார்ப்பதும் அவர், விருந்தினர் கூடாரங்களுக்குப் பொறுப்பும் அவர். ஒல்லியான, ஆறுதலாகக் கதைக்கிற மனிதர். எனக்கு ஆட்களின் வாயில் வருகிற பேச்சுகளைச் சேர்த்து வைக்கிற பழக்கம். ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக் கிங்ஸ்பரிப் பெண் ஒருத்தி, "தலைக்கு ஒரு விலாசம், காலுக்கு ஒரு விலாசம்" என்றது, மான் கூட்டத்தைப் பார்த்து ஒருவர், "எல்லாம் ஒரே தையல்காரனிட்டத் தைச்சதுகள்" என்றது, இதெல்லாம் இன்றைக்கும் என் தலைக்குள் இருக்கின்றன. எலியாஸுக்கும் அதே பழக்கம். நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சத்தமில்லாமல் சிரிப்பார். அவரிடமும் நல்ல பேச்சுகள் இருந்தன. வந்து மூன்றாம் நாளாகியும் சிங்கம் காணவில்லை என்று ஒரு கனவான் முறைப்பாடு சொன்னபோது, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி, மன்னிக்கவேண்டும் ஐயா, சிங்கம் எங்கள் கம்பெனியில் வேலை செய்வதில்லை என்றார்.

ஜீப்பில் எழும்பி நிற்கக்கூடாது என்பது முதல் சட்டம். ஏறமுன் எல்லாருக்கும் விளக்குவார். விலங்குக்கு ஜீப்பும் அதில் இருக்கிற பத்துப் பேரும் சேர்ந்து ஒரே பெரிய உருவம். பழகின உருவம், தொந்தரவு இல்லாத உருவம். ஒருவர் எழும்பினால் அந்த உருவத்திலிருந்து ஒரு மனிதன் முளைப்பான். என்னுடைய முதல் பயணத்தில், பெண்சிங்கம் ஒன்று ஜீப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்தபோது, எங்கள் ஆள் ஒருவர் வீடியோ எடுக்கிற ஆசையில் எழும்பிவிட்டார். சிங்கத்தின் காது திரும்பியது. எலியாஸ் திரும்பிப் பார்க்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. சேர், நீங்கள் இப்போது ஜீப்பை விட்டு இறங்கிவிட்டீர்கள் என்றார், அவ்வளவுதான். அந்த மனிதர் இருந்தவர்தான், அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்கும் கதிரையை விட்டு எழும்பப் பயந்தார்.

இரண்டாவது சட்டம் பழம். ஓரேஞ் தொடக்கம் தேசிக்காய் வரை தோடம்பழ இனத்தில் எதுவும் கூடாரத்துக்குள் போகக்கூடாது. யானைக்கு அந்த வாசம் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும், அதன்மேல் அதற்கு அப்படி ஒரு பைத்தியம். யானைகள் தினமும் கூடாரங்களுக்கு நடுவால்தான் ஆற்றுக்குப் போகும். ஒன்றும் திரும்பியும் பார்க்காது. அதற்கு எலியாஸ் சொன்ன காரணம் எனக்கு மனப்பாடம்: "உள்ளே தனக்கு எதுவும் இல்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் அப்படி நினைக்கும்வரைக்கும்தான் நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கலாம்."

ஆகவே வாசலிலேயே, கூடாரங்களுக்குப் போகமுதல், மூடி போட்ட இரும்புப் பெட்டி ஒன்றை இறக்கி வைப்பார்கள். எலியாஸ் ஆங்கிலத்தில் சொல்லுவார், நான் தமிழில் சொல்லுவேன். தோடம்பழம், நாரத்தங்காய், தேசிக்காய், தேசிக்காய் ஊறுகாய் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்பேன். ஊறுகாய் இல்லாமல் வெளிக்கிட்ட யாழ்ப்பாணத்தார் உலகத்தில் உண்டா? போத்தல் போத்தலாக வரும். எலியாஸ் ஒருமுறை ஒன்றைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, இதை யானையே திருப்பித் தந்துவிடும் என்றார். ஆனாலும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பைக்குள் கைவிட்டுத் தேடுகிற வழக்கம் இல்லை. விருந்தினர் சொன்னால் சொன்னதுதான்.

பரமேஸ்வரி அக்கா வந்தது என்னுடைய கடைசிப் பயணத்துக்கு. கடைசி என்று அப்போது எனக்குத் தெரியாது. லூயிஷாமில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். கோயிலில் பூக்கட்டுவார், செத்தவீட்டுக்கும் சாமத்தியவீட்டுக்கும் முதல் ஆளாக வந்து தேங்காய் துருவுவார். நல்ல மனுசி. இதை நான் வஞ்சகமாக எழுதவில்லை. மகன் பிரதீபனோடு வந்தார். பிரதீபன் சட்டத்தரணி, ஒரே பிள்ளை. அதற்கு முந்தின வருடம் பிரதீபனுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்தது. சுகப்பட்டதும் ஆபிரிக்கா போகவேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னாராம். தாய்க்கு யானை சிங்கத்தில் ஆசை இல்லை. மகனைத் தனியே விட மனமில்லை.

வாசலில் நான் கேட்டபோது அக்கா பையிலிருந்து இரண்டு தோடம்பழமும் ஒரு ஊறுகாய்ப் போத்தலும் எடுத்துத் தந்தார். வேறு ஒன்றும் இல்லையா, தேசிக்காய் இல்லையா என்றேன். இல்லைத் தம்பி என்றார்.

அன்று பின்னேரம் முதல் சவாரி. ஜீப் வெளிக்கிடப் போகும்போது பார்த்தால், எங்கள் குழுவில் ஒருவர் நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்துவிட்டு நிற்கிறார். பெட்டியில் கொடுத்தது போக, சில்லுக்கு வைக்கவென்று காற்சட்டைப் பையில் வேறாக வைத்திருந்திருக்கிறார். வாகனம் முதல்முதல் வெளிக்கிடும்போது அது நசிபட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எலியாஸ் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு ஏறி, ஜீப்பை ஒரு முழம் முன்னுக்கு எடுத்து, நான்கையும் நசித்தார். இறங்கிவந்து தோல், விதை, ஈரமான மண் எல்லாவற்றையும் கையால் அள்ளி ஒரு பையில் போட்டுக் கட்டி, பெட்டிக்குள் வைத்தார். உங்கள் ஆசீர்வாதம் பத்திரமாகப் பூட்டியிருக்கிறது, வேறு யாரிடமாவது ஒரு தேசிக்காய் இருந்தால் இப்போதே தாருங்கள் என்றார். நான் அதைத் தமிழில் சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு நல்ல ஞாபகம்.

அந்தச் சவாரியில்தான் அவனைக் கண்டோம். பெரிய ஆண் யானை. வலக்கொம்பு பாதியில் முறிந்தது. மரங்களுக்குள்ளிருந்து சத்தமே இல்லாமல் வந்து, ஜீப்பின் மூக்குக்கு முன்னால் நின்றான். எலியாஸ் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார். ஒற்றைக் கொம்பைக் கண்டதும் ஜீப்பில் ஒரு மூச்சுக் கிளம்பியது. எல்லார் கைகளும் கூம்பின. பரமேஸ்வரி அக்கா எழும்பவில்லை, சட்டத்தை மதித்து இருந்த இடத்திலேயே இரண்டு கையாலும் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. "பிள்ளையாரே, என்ர பிள்ளையைக் காப்பாத்திப்போடும்" என்று முணுமுணுத்தார். யானை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜீப்பை உரசாமல் விலகி ஆற்றுப் பக்கம் போனது.

அந்தக் குட்டு என்ன என்று எலியாஸ் பிறகு என்னைக் கேட்டார். விளக்கினேன். அப்படியென்றால் நீங்கள் கேட்கமுதல் உங்கள் கதவை நீங்களே தட்டுகிறீர்கள் என்றார். இதைவிட வடிவாக அதை ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த நாள் காலைச் சவாரி முடிந்து எல்லாரும் சாப்பாட்டு மேடையில் இருக்கிறோம். கன்வஸ் கிழிகிற சத்தம் வந்தது. பெரிய துணிக்கடையில் ஒரே இழுப்பில் துணி கிழிப்பது போல. பிரதீபனின் கூடாரம். ஒற்றைக் கொம்பன் தலையை உள்ளே விட்டுக் கட்டிலைக் கவிழ்த்துவிட்டு, மெதுவாக வெளியே வந்து, எதையோ மென்றுகொண்டு ஆற்றுக்குப் போனான். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

எலியாஸோடு நானும் உள்ளே போனேன். மெத்தை ஒரு மூலையில். தலையணையில் சிவப்பு. எனக்கு இரத்தம் என்றே பட்டது. எலியாஸ் ஒரு விரலால் தொட்டு மணந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நானும் தொட்டு மணந்தேன். குங்குமம். அதற்குள்ளால் தேசிக்காய் வாசம்.

அக்காவிடம் போய்க் கேட்டேன். ஒளிக்கவில்லை. லண்டனில் வெளிக்கிடமுதல் ஐயர் பூசையில் வைத்துத் தந்ததாம், மகனின் தலைமாட்டில் இருக்கவேணும் என்றாராம். மகனுக்கே தெரியாமல் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார்.

"தேசிக்காய் இருக்கோ எண்டு ரெண்டு தரம் கேட்டனான் அக்கா" என்றேன்.

"நீங்கள் பழத்தையெல்லோ கேட்டனீங்கள், தம்பி" என்றார் அவர், உண்மையாகவே விளங்காத முகத்தோடு. "அது பழமே? அது காவல்."

இந்த இடத்தில் அவரோடு எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. ஐயர் தந்த நேரத்திலிருந்து அவருக்கு அது பழம் இல்லை. அதைப் பெட்டிக்குள் போடு என்று கேட்பது, பிள்ளையைப் பெட்டிக்குள் போடு என்று கேட்பது மாதிரி. பேர் சொல்லிக் கேட்டால் போதும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எங்கள் சனத்தில் ஒரே சாமான் இரண்டு சாமானாக இருக்கும் என்பது எலியாஸுக்கு எப்படித் தெரியும்?

கூடாரத்துக்குள் தனக்கு ஏதோ இருக்கிறது என்பதை யானை அறிந்துகொண்டது. மத்தியானமே திரும்பி வந்தான். கைதட்டினார்கள், தகரத்தில் அடித்தார்கள், ஜீப்பைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்திச் சத்தம் எழுப்பினார்கள். விலகிப் போவான், மற்றப் பக்கத்தால் வருவான். அடுத்த நாள் இன்னொரு கூடாரத்தைக் கிழித்தபோது உள்ளே துப்புரவு செய்துகொண்டிருந்த பெண் குளியலறைக்குள் ஓடினாள். சுவர் அவள்மேல் சரிந்து தோள் எலும்பு முறிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவள் அழவில்லை. எலியாஸிடம் தன் மொழியில் ஏதோ கேட்டாள். அவனைச் சுடப்போகிறார்களா என்று கேட்கிறாள் என்றார் எலியாஸ்.

அக்கா அந்த யானையை அவர் என்றார். எலியாஸ் அவன் என்றார். அந்த இடத்து மனேஜர் முதல் நாள்வரைக்கும் அவன் என்றுதான் சொன்னார், அன்றிலிருந்து அது என்றார்.

அன்று பின்னேரம் வேறு ஒரு ஓட்டுநர் எங்களை எதிர்த்திசையில் வெகுதூரம் கூட்டிப்போய் ஒட்டகச்சிவிங்கி காட்டினார். இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. வெருட்டுகிறார்கள் என்றார் ஓட்டுநர். திரும்பி வந்ததும் மனேஜர், யானையைக் காட்டின் மற்றக் கரைக்குத் துரத்திவிட்டோம் என்று எல்லாருக்கும் அறிவித்தார். சனத்தின் மனம் நோகக்கூடாது, அப்படித்தான் சொல்லவேண்டும் என்று லண்டனிலிருந்து தேவன் அண்ணை கேட்டுக்கொண்டாராம். பிரதீபனுக்கு மட்டும் மனேஜர், சுட்டுவிட்டோம் என்று உள்ளதைச் சொன்னார். பிரதீபன் என்னிடம் வந்து, அம்மாவுக்கு ஒருநாளும் தெரியக்கூடாது, தெரிந்தால் அவ தாங்கமாட்டா, அண்ணை என்று கையைப் பிடித்தார். நான் தலையாட்டினேன்.

வெளிக்கிடுகிற அன்று வாசலில் எலியாஸ் இரும்புப் பெட்டியைத் திறந்து, ஊறுகாய்ப் போத்தல்களை ஒவ்வொருவருக்கும் பேர் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஒரு போத்தலும் மாறவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார். துவக்குக்காரரை அவனிடம் கூட்டிப்போனது எலியாஸ்தானாம். அவன் எங்கே நிற்பான் என்று வேறு யாருக்கும் தெரியாது. எலியாஸ் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அவன் ஓடவில்லை, குணம். என்னுடைய ஜீப்பை அவனுக்குத் தெரியும்."

லண்டனுக்கு வந்து ஒரு கிழமையில் ஒபீசில் கூட்டம். துப்புரவுப் பெண்ணுக்குக் காயம், யானை போயிற்று, கூடாரம் போயிற்று. பழச் சோதனையை வழிகாட்டி ஒழுங்காகச் செய்தாரா, விருந்தினர் ஒளித்தாரா என்று அந்த இடத்து நிர்வாகம் தெரிந்துகொள்ள விரும்பியது. செய்தார் என்றால் எலியாஸ் வேலையில் இருப்பார், குற்றம் எங்கள் கம்பெனிப் பக்கம் வரும். செய்யவில்லை என்றால் எலியாஸ் போவார். இது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெளிவாகத் தெரியும். மேசைக்கு நடுவில் போன், மனேஜரின் குரல் வெளியே கேட்கும்படி. தேவன் அண்ணை, பிரதீபன், பரமேஸ்வரி அக்கா, நான். அக்கா இருப்பதால் யானைக்கு நடந்ததை எடுக்கவேண்டாம் என்று பிரதீபன் முன்னமே எல்லாரையும் கேட்டிருந்தார். உள்ளே வரும்போதே கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டது.

முதலில் என்னைக் கேட்டார்கள். இருந்தது இருந்தபடி சொன்னேன். வாசலில் எலியாஸ் சொன்னது, நான் பேர் சொல்லிக் கேட்டது, சில்லுக்குக் கீழே கிடந்ததை அவர் அள்ளியது, அதற்குப் பிறகும் ஒருமுறை கேட்டது. தேவன் அண்ணை அழகான ஆங்கிலத்தில் போனுக்குச் சொன்னார்: எங்கள் குணம் மிக விசுவாசமான மனிதர், அந்த வழிகாட்டிக்கும் பழைய நண்பர், அதையும் நாங்கள் கருத்தில் எடுக்கவேண்டும். பிறகு தமிழுக்குத் திரும்பினார்.

"அக்கா, நீங்களே சொல்லுங்கோ. தேசிக்காய் கொண்டுவரக்கூடாது எண்டு உங்களுக்கு ஆரும் சொன்னவையோ?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். பிரதீபன் தன் கைப்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கையில் சேலைத் தலைப்பு. அதைச் சுற்றினார், அவிழ்த்தார்.

"எனக்கு ஞாபகமில்லைத் தம்பி. அந்தாள் ஏதோ இங்கிலீசில சொன்னது."

தேவன் அண்ணை அதைப் போனுக்கு மொழிபெயர்த்தார்: தனக்கு விளங்குகிற மொழியில் எவரும் எச்சரிக்கவில்லை என்கிறார். நான் எழும்பினேன். அக்கா சொன்னது அது இல்லை, தமிழில் சொன்னவன் நான், இங்கேதான் நிற்கிறேன் என்று ஆங்கிலத்தில் போனைப் பார்த்துக் கத்தினேன். அந்த ஒபீசில் நான் கத்தியது அன்றைக்குத்தான். தேவன் அண்ணை, லைன் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தார். வெளிச்சத்தம் நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது அவர் காதுக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஓம், ஓம் என்பது போலத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அவர்கள் போனபின் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சீனி எத்தனை என்றார். "குணம், உமக்கும் அலைஞ்சு களைச்சுப்போச்சு. இனிக் கவுண்டரில இரும்" என்றார். எலியாஸின் வேலை என்ன ஆகும் என்று கேட்டேன்.

"பாப்பம்" என்றார்.

ஓய்வு பெறும்வரை கவுண்டரில் இருந்தேன். கொழும்பு டிக்கெட், பொதி நிறை, சைவச் சாப்பாடு. விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அறுபதை எட்டிப் பார்க்கிற வயதில், கதைக்க மட்டும் தெரிந்தவனுக்கு லண்டனில் யார் கதவு திறப்பார்கள்? அந்த அறிவுறுத்தல் வரியை மட்டும் நானாகவே எழுதிச் சேர்த்தேன். ஏனோ தேவன் அண்ணை அதை அப்போது வெட்டவில்லை. எலியாஸின் இலக்கத்துக்குப் பலமுறை எடுத்தேன். பிறகு அந்த இலக்கம் வேறு யாருக்கோ போய்விட்டது. அங்கே போய்வந்த ஒருவர், அவரைப் பக்கத்து டவுனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில் காவலுக்கு நிற்கக் கண்டதாகச் சொன்னார். சின்ன வயதிலிருந்து யானைத் தடம் பார்த்த மனிதர், கார்களுக்குக் கை காட்டுகிறார். என்னை எவரேனும் கேட்டால், நான் நன்றாகப் பார்த்துக்கொண்ட வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறையக் கதை இருக்கிறது. ஆனால் தொழில் என்று நினைத்தால் முதலில் வருவது எலியாஸின் முகம்தான்.

துஷ்யந்திக்கு இதையெல்லாம் போனிலேயே சொன்னேன். பிறகு, அண்ணை, இன்னொன்றும் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றாள். பயணம் போகிறவர்களுக்குக் கம்பெனி இந்த முறை ஒரு ஆசீர்வாதப் பை கொடுக்கிறதாம். ஒரு மண்டபத்தில் பூசை வைத்து, விபூதி, குங்குமம், கற்கண்டு எல்லாம் போட்டு. அதற்குள் ஒரு தேசிக்காயும்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். நீட்டு மேசை, மஞ்சள் பைகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. கட்டிக்கொண்டிருந்தது பரமேஸ்வரி அக்கா. வேறு யார் இருப்பார்கள்? என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிரதீபன் நல்ல சுகம், பேரப்பிள்ளையும் பிறந்துவிட்டது என்றார். கை பைகளைக் கட்டிக்கொண்டே இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நாங்கள் கண்ட பிள்ளையார், அந்த ஒத்தைக் கொம்பர், இப்பவும் அங்க நிக்கிறாரோ? ஒவ்வொரு சதுர்த்திக்கும் அவரைத்தான் நினைக்கிறனான்."

பிரதீபனுக்குத் தலையாட்டியது ஞாபகம் வந்தது. எலியாஸ் பெட்டி மூடியைத் தடவியதும் ஞாபகம் வந்தது.

"இல்லை அக்கா. அப்பவே சுட்டுப்போட்டினம்."

அவர் கை நின்றது. ஏன் என்று கேட்கவில்லை. கையில் பாதி கட்டிய பை. முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கைவிட்டுத் தேசிக்காயை எடுத்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, அதை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மடித்துவிட்டார். பிறகு அந்தப் பையைத் தேசிக்காய் இல்லாமலே கட்டி வரிசையில் வைத்தார். அவருக்குப் பின்னால் மேசை முழுக்க ஏற்கெனவே கட்டிய பைகள். படம் எடுக்க வாருங்கள் அக்கா என்று மேடையிலிருந்து தேவன் அண்ணை கூப்பிட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். போய்ப் படத்தில் நின்றார்.

துஷ்யந்தி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பயணம் அடுத்த கிழமை. ஹீத்ரோவில் ஒவ்வொரு பையையும் திறக்கச் சொல்லிக் கேள் பிள்ளை என்றேன். கேட்டால் கம்பெனி கேத்தலை வைக்கும், அண்ணை என்றாள். சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மனைவி அடுப்பில் சொதி வைத்திருந்தாள். அந்தத் தேசிக்காயைக் கழுவி, குங்குமம் போக உரஞ்சி, வெட்டி, முழுவதையும் சொதிக்குள் பிழிந்தேன். பூசையில் வைத்த தேசிக்காயை இப்படிச் செய்யலாமா என்று மனைவி கேட்டாள். நான் ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்தேன். நல்ல புளிப்பு.

பழம்தான்.